வாதவூரடிகள் கண்ணீரும் குணவாராய்ச்சியும்

மதுரைமாநகர்க்கு வடகிழக்கே, மேலூரை அடுத்து விளங்குவது திருவாதவூர். வாயுதேவன் வழிபட்டமையால் வாதவூர் எனப் பெயரெய்திற்று என்பது தலவரலாறு. வாதநோய் உற்றார் ஆண்டுச் சென்று திருமறைநாதரையும் வேதநாயகியையும் வழிபட்டு நலம் வேண்டுதலும் வழக்கமாம். இவ்வூரிற் பிறந்து, அரிமர்த்தன பாண்டியனுக்கு அமைச்சராய், தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் பெற்று, பின் திருப்பெருந்துறையில் குருந்தமர நிழலிலே குருமூர்த்தியாற் கொள்ளப்பட்டுத் திருவாசகம் அருளியவர் மாணிக்கவாசகப் பெருமான். ஆண்டுதோறும் ஆவணி மூலப் பெருவிழாவின்போது அடிகள் திருவுருவம் வாதவூரினின்றும் மதுரைக்கு எழுந்தருளுகின்றது. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலும் பிட்டுக்கு மண்சுமந்த திருவிளையாடலும் நிகழ்ந்தபின் ஊர்க்கு மீளுகின்றது. அமைச்சராய்ச் சென்ற நகரத்துக்கு அடியாராய்ச் சென்று மீளும் இக்காட்சி, ஒரு வினாவை எழுப்புகின்றது. ஒருவனது ஒழுகலாறும் அவன் எய்தும் இன்பதுன்பமும் அவன் பிறவியியல்பைப் பற்றி நிற்பனவோ? அற்றாயின், அமைச்சர் ஒருவர் அடியாரானது எங்ஙனம்? அழுதழுது பாடிய ஒருவர் ஆனந்தம் எய்தியது எங்ஙனம்?

இவ்வினா வெறும் நூலாராய்ச்சி பற்றியதன்று. இக்காலத்து உளநூற் கொள்கைகளைப் படித்த இளைஞர் சிலர், திருவாசகத்தின் அழுகையையும் அடிகள் தம்மைத் தாமே இழித்துரைக்கும் மொழிகளையும் கண்டு, இவை தளர்ந்த உள்ளத்தின் அடையாளம் எனக் கூறத் துணிகின்றனர். மற்றொருசார் அன்பர், தம் வெகுளியையும் மடியையும் பிறர் எடுத்துக்காட்டிய இடத்து, இது பிராரத்தவினையால் வந்த குணம், மாற்றலாகாது என்று அமைந்துவிடுகின்றனர். முன்னவர் அடிகள் அன்பை நோயென்கின்றனர்; பின்னவர் தம் நோயை ஊழென்கின்றனர். இருவரும் குணத்தின் எல்லையை அறியாமையால் வழுவினர் என்பது காட்டப்படும்.

முதற்கண், உளநூலார் கூறுவது இன்னதென நடுவுநிலையோடு கொள்ளல் வேண்டும். மறுக்கப்படும் கொள்கையை அதன் வலிமையோடு எடுத்து மொழிந்து பின்னர் மறுத்தலன்றோ சித்தாந்த ஆசிரியர்கள் பரபக்கத்திற் காட்டிய நெறி?

மக்கள் குணங்களை மொழியிலுள்ள சொற்களைக்கொண்டே வகுத்தறியலாம் என்னும் கருத்தை 1884-ஆம் ஆண்டில் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் வெளியிட்டார். 1936-இல் ஆல்போர்ட்டு, ஆட்பெர்ட்டு என்னும் இருவர் பேரகராதி ஒன்றை ஆராய்ந்து, மக்கட் பண்புகளைக் குறிப்பனவாக 17,953 சொற்களைத் தொகுத்தனர். பின்வந்தோர் இச்சொற்பெருக்கைக் கணக்கியலால் தொகுத்துத் தொகுத்து ஐந்து பெருங்குணங்களில் அடக்கினர். புதுமையை நாடுந் தன்மை, ஒழுங்கும் விடாமுயற்சியும் உடைமை, பிறரோடு கலந்து கிளர்ச்சியுறுந் தன்மை, இணக்கமுடைமை, எளிதிற் கவன்று கலங்குந் தன்மை என்பன அவை. இவற்றுள் ஒவ்வொன்றும் எல்லாரிடத்தும் உளது. மிகுதி குறைவே ஒருவரை மற்றொருவரினின்றும் வேறுபடுத்துவது என்பர்.

இக்குணங்கள் வாழ்வின் நலத்தைப் பற்றுவன என்பதற்கும் அவர்பாற் சான்றுண்டு. கலந்து கிளர்ச்சியுறுந் தன்மை மிக்கார் உவகையை மிகுதியாகவும், கவன்று கலங்குந் தன்மை மிக்கார் துயரத்தை மிகுதியாகவும் நுகர்கின்றனர் என்று கோஸ்டா, மக்ரே என்னும் அறிஞர் 1980-இற் காட்டினர். அமெரிக்காவில் டெர்மன் என்பார் 1921-இல் தொடங்கிய ஆராய்ச்சியில் 1,500-க்கு மேற்பட்ட சிறார் சேர்க்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அவருள் இளமையிலேயே ஒழுங்கும் பொறுப்பும் உடையவராய் மதிக்கப்பட்டவர் ஏனையோரினும் நெடிது வாழ்ந்தமையை ஃபிரீட்மனும் அவரோடு சேர்ந்த ஆராய்ச்சியாளரும் 1993-இல் வெளியிட்டனர். இரட்டையராய்ப் பிறந்தோரை ஒப்புநோக்கிய ஆராய்ச்சிகள், மக்களிடைக் காணப்படும் குணவேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு பிறவிவழி வருவது என்று மதிப்பிடுகின்றன. இவையெல்லாம் பல்லாயிரவரை அளந்து கண்டவை. வெறுங் கற்பனையென ஒதுக்கத்தக்கன அல்ல.

இக்கோலை எடுத்துக்கொண்டு அடிகளை அளக்கப் புகுவார் கூறுவது யாது? நீத்தல் விண்ணப்பத்தின் 50 பாட்டும் தம்மைக் கைவிட்டுவிடலாகாது என்னும் ஒரே வேண்டுகோளாய் அமைந்துள்ளன. திருச்சதகத்தின் 100 பாட்டிலும் தம் பொய்ம்மையையும் இழிவையும் எண்ணி இரங்கும் மொழிகள் பயில்கின்றன. ஆதலின் கவன்று கலங்குந் தன்மை அடிகள்பால் மிக்கிருந்தது என்பர். அரசன் குதிரை கொள்ளத் தந்த பொருளைத் திருப்பணியிற் செலவிட்டமையால் பொறுப்புடைமை குறைந்தது என்பர். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவர்க்குச் சிறையும் வெயிலும் ஒறுப்புமே பயனாயின என்றும் முடிப்பர். இம்முடிபு மேலோட்டமாகக் காண்பார்க்குப் பொருந்துவது போலத் தோன்றினும், மூன்றிடத்து வழுவுகின்றது.

முதல் வழு, நூலைச் சான்றாகக் கொள்ளும் முறையிற் கிடக்கின்றது. போப்பையர் தம் 80-ஆம் ஆண்டு நிறைவில், 1900-இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டபின், மேனாட்டார் பலர் அதனைப் படிக்கலாயினர். அவர் நாட்டில் அகஸ்தீனார் முதலிய சமயப் பெரியோர் தம் குற்றங்களைத் தாமே கூறி வரைந்த தன்வரலாற்று நூல்கள் உள. அந்நூல்களைப் படித்துப் பழகிய கண் திருவாசகத்தையும் அவ்வாறே படிக்கும். ஆயின் திருவாசகம் தன்வரலாற்று நூலன்று. தாம் அமைச்சராயிருந்தமையையும் சிறைப்பட்டமையையும் அடிகள் யாண்டும் வரலாறாக விரித்துரைத்திலர். அவை புராணங்களால் அறியப்படுவன. 51 பகுதிகளால் ஆகிய அந்நூலில் பேசுங் குரலும் ஒன்றன்று. திருவெம்பாவையின் 20 பாட்டில் மார்கழி வைகறையில் ஒருத்தியை ஒருத்தி எள்ளித் துயிலெழுப்பும் மகளிர் குரல் கேட்கின்றது. திருவம்மானையிற் காய் எறிந்து ஆடுவார் மகிழ்ச்சி கேட்கின்றது. திருச்சாழலில் ஒருத்தி தடைவினா எழுப்ப மற்றொருத்தி அஞ்சாது விடையிறுக்கும் வாதத்திறம் கேட்கின்றது. திருக்கோவையாரின் 400 துறைகளிலோ தலைவன், தலைவி, தோழி, செவிலி எனப் பலர் உள்ளமும் பேசுகின்றன.

நீத்தல் விண்ணப்பத்தைக்கொண்டு அடிகளைக் கவலையுள்ளத்தவர் என்பார், திருவம்மானையைக்கொண்டு அவரைக் களிப்புள்ளத்தவர் என்றும், திருச்சாழலைக்கொண்டு வாதத்தில் வல்லவர் என்றும் கூறல் வேண்டும். ஒன்றைக் கொண்டு ஏனையவற்றை விடுதற்கு முறையில்லை. உளநூலாருள்ளேயே மிஷெல் என்பார் 1968-இல் இக்குறையை உணர்த்தினார். குணத்தின் அளவைக்கொண்டு ஓரிடத்து ஒருவன் செய்யும் ஒரு செயலை முன்னறிந்து கூறுதல் மிகவும் அரிது. இடமும் சூழலும் மாறச் செயலும் மாறும் என அவர் காட்டினார். பல செயல்களை நெடுங்காலம் திரட்டி நோக்கினாலே குணம் புலப்படும் என்று பின்வந்தார் விடை கூறினர். அவ்விடை ஏற்புடைத்தே. ஏற்பின், ஒரு பதிகத்தைக்கொண்டு ஒருவர் குணத்தைத் துணிதல் அவர் நூலாலும் விலக்கப்பட்டதாகும்.

இரண்டாம் வழு, அழுகையின் இயல்பை அறியாமை. தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டினுள் அழுகையை வைத்து, அதற்கு நிலைக்களமாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கனைக் கூறினார். அழுகையென ஒன்றாகச் சொல்லப்படுவதும் அதன் நிலைக்களம் பற்றி வேறுபடும் என்பது தமிழ் மரபு. அடிகள் அழுகை இந்நான்கனுள் எதன்பாற்படும்? திருப்பெருந்துறையில் ஆட்கொண்ட குருமூர்த்தி, உடனிருந்த அடியார் திருக்கூட்டத்தைத் தம்மோடு அழைத்துக்கொண்டு மறைந்தருளினார். அடிகளை மட்டும் நிலவுலகில் நிறுத்தினார். அவ்வடியார்கள் திருவடி அடைந்துவிடத் தாம் தனித்து எஞ்சினமை திருவாசகத்திற் பலவிடத்தும் வெளிப்படுகின்றது. ஆதலின் அது பெரும்பான்மையும் இழவின்பாற்படுவது. பெற்ற பெருஞ்செல்வத்தைப் பிரிந்தவன் அழுதல், காரணமின்றிக் கவலும் இயல்பினாற் பிறந்த அழுகையோடு ஒக்குமோ? மகவை இழந்த தாயின் கண்ணீரை அவள் குணம் என்பார் உளரோ?

அன்றியும், திருச்சதகத்தின் பத்துப் பத்துக்கும் முன்னோர் வழங்கிய பெயர்களை நோக்குக. மெய்யுணர்தல், அறிவுறுத்தல், சுட்டறுத்தல், ஆத்துமசுத்தி, கைம்மாறு கொடுத்தல், அனுபோகசுத்தி, காருணியத்திரங்கல், ஆனந்தத்தழுந்தல், ஆனந்தபரவசம், ஆனந்தாதீதம் என அவை ஏறிச் செல்கின்றன. இறுதி மூன்றும் ஆனந்தத்தின் பெயரால் வழங்குவன. அங்ஙனமாயினும், அவ்வானந்தப் பகுதிகளின் உள்ளேயும் அடிகள் தம் பொய்ம்மையைக் கூறி இரங்குதலை விட்டாரல்லர். உளநூலார் கோலில் உவகைக்கு ஒரு தட்டும் துயருக்கு ஒரு தட்டும் உண்டு. ஈண்டோ இரங்கலும் இன்பமும் ஒரே பாட்டில் ஒருங்கு நிற்கின்றன. அளக்கப்படும் பொருள் அக்கோலின் இருதட்டிலும் அடங்காதது என்பதே இதனாற் பெறப்படுவது.

ஈண்டு ஒரு தடை நிகழும். கவலை, தாபம், வாட்டம் உள்ளிட்ட ஏழும் மலத்தின் காரியம் எனச் சிவஞானசித்தியாரே கூறுகின்றதாகலின், அடிகள் வாட்டமும் மலகாரியமேயாகாதோ எனின், ஆகாது. என்னை? கவலையென்பது யான் எனது என்னும் பற்றினைக் காத்தற்கு எழுவது. பொருள் போமோ, புகழ் போமோ, உடம்பு போமோ என நடுங்குவது. அடிகள் இரங்கியதோ அவ்யான் எனது இன்னும் போகவில்லையே என்பது பற்றி. முன்னது பற்றினைப் பிடித்தலால் வரும் துன்பம். பின்னது பற்றுக் கழலும்போது வரும் நோவு. முள் தைத்தபோதும் வலிக்கும், அதனை வாங்கும்போதும் வலிக்கும். வலி ஒப்பதனால் இரண்டும் ஒன்றெனல் பொருந்துமோ?

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளைத் தொகுத்து 1902-இல் வெளியிட்ட நூலில், சமய உணர்ச்சியுடையாரை நலமுற்ற உள்ளத்தார், நோயுற்ற ஆன்மாவினர் என இருவகையாகப் பிரித்தனர். பின்னவரை அவர் இழிவுபடுத்தினாரல்லர். துன்பத்தையும் உட்கொண்டு காணும் அவர் காட்சியே விரிந்தது என்று உயர்த்தினார். அவர் நேர்மை போற்றற்குரியது. எனினும் அவர் வகுத்த இரண்டு பெயரும் அடிகளுக்கு இயையா. மலநோயை நோயென்று அறிந்து அழுபவன் நோய் முற்றியவனல்லன். நோய் தெளியத் தொடங்கியவன். ஆணவத்தின் கொடுமை, தன்னையும் காட்டாது மறைத்தலிலன்றோ உள்ளது? அதனைக் கண்டு இரங்குதல் அது மெலிந்தமைக்கு அடையாளம்.

மூன்றாம் வழு, குணத்தையே ஆன்மாவெனக் கொள்ளுதல். இதுவே ஏனையிரண்டிற்கும் வேராயது. சித்தாந்தம் உளநூலினின்றும் பிரியும் இடமும் இதுவே.

சித்தாந்தத்தின்படி குணம் என்பது 36 தத்துவங்களுள், ஆன்மதத்துவம் 24-இனோடு சேர்த்தெண்ணப்படும் மூலப்பகுதியின் விளக்கமாயது. சாத்துவிகம், இராசதம், தாமதம் என மூன்றாய் நின்று, முறையே தெளிவும் இன்பமும், கிளர்ச்சியும் துன்பமும், சோர்வும் மயக்கமும் தருவது. புத்தி, அகங்காரம், மனம் என்னும் கருவிகள் யாவும் இதன் வண்ணம் தோய்ந்தே தொழிற்படுகின்றன. ஆதலின் குணம் ஒழுக்கத்தையும் இன்பதுன்பத்தையும் பற்றுவது என்னும் உளநூலார் கூற்று சித்தாந்திக்குப் புதியதன்று, உடன்பாடே. உடன்படாதது யாதெனின், குணம் கருவியைச் சேர்ந்ததேயன்றி ஆன்மாவைச் சேர்ந்ததன்று என்பது. ஆன்மாவின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல். படிகம் செம்மலரைச் சார்ந்து செம்மையும் நீலமலரைச் சார்ந்து நீலமும் காட்டும். படிகத்தைச் சிவந்த கல்லெனத் துணிந்து எழுதி வைத்தவன், மலரை மாற்றியவிடத்து என் செய்வான்?

அடிகள் வரலாற்றை இவ்வாறு காண, அமைச்சர் அடியாரான புதிர் அவிழும். அரசியற் பணியிற் பாண்டியன் நம்பிக்கைக்கு உரியவராய்ப் பெரும்பட்டம் பெறும் அளவு விளங்கிய ஒருவர், பெருந்துறைத் துறைமுகம் சென்ற சின்னாளிலே பொறுப்பற்றவராய் மாறினார் எனல் எங்ஙனம் இயையும்? உளநூலார் கொள்கைக்கே அது முரண். குணம் ஒருநாளில் மறைவதன்று என்பது அவர் கூற்றன்றோ? அவ்விடாப்பிடியும் ஒழுங்கும் அடிகளை விட்டு நீங்கினவல்ல. அவை சார்ந்த பொருளே மாறிற்று. அரசன் கருமத்தில் நின்ற ஊக்கம் இறைவன் கருமத்தில் நின்றது. தில்லையிற் புத்தரோடு வாதம் நிகழ்ந்ததாகத் திருவாதவூரடிகள் புராணம் கூறும் பகுதியிற் காணப்படும் தெளிவும் உறுதியும், அவையில் அமர்ந்து வழக்காராய்ந்த அமைச்சரின் தெளிவும் உறுதியுமே. சார்பு மாறியபோது பழைய குணமே புதிய பணி பூண்டது.

அற்றேல், அரசன் பொருளை அவன் கருதாத வழியிற் செலவிட்டமை குற்றமன்றோ எனின், உலகியல் முறையில் அது ஒறுத்தற்குரியதே. அரசன் ஒறுத்தமையையும், வையை பெருகி நகரத்தார் கரையடைக்க நேர்ந்தமையையும் புராணங்கள் மறையாது கூறுகின்றன. திருவிளையாடற் புராணத்தின் 64 படலங்களுள் 58 முதல் 61 வரையுள்ள நான்கும் இவ்வரலாற்றுக்கே உரியன. அவற்றுட் காண்பது, அடிகள் தம் செயலுக்கு வரும் துன்பத்தைத் தாமே ஏற்றமையும், ஈற்றில் இறைவன் கூலியாளாய் வந்து பிரம்படியைத் தன்மேல் ஏற்றமையும் ஆம். அன்பு மிகுந்தார் எவரும் கடமையைக் கைவிடலாம் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகாது. இதனைத் தம் சோம்பலுக்கு மேற்கோளாக்குவார், அடிகள் ஏற்ற வெயிலையும் சிறையையும் ஏற்கத் தாம் ஒருப்படுவரோ என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக.

இனி, குணம் பிராரத்தத்தால் வந்ததாகலின் மாற்றலாகாது என்னும் நம்மவர் கூற்று ஆராயத்தக்கது. பேறும் இழவும், இன்பமும் பிணியும், மூப்பும் இறப்பும் என்னும் ஆறும் கருவிலேயே வரையறுக்கப்பட்டன என்பது சித்தியார் துணிபு. இவ்வாறனுள் ஒழுக்கம் இல்லை என்பதனைக் கூர்ந்து நோக்குக. சினத்தலும் பொய்த்தலும் பிறரை வருத்தலும் கருவில் வரையறுக்கப்பட்டன என அருணந்திசிவனார் யாண்டும் கூறிலர். பிராரத்தம் நுகர்ச்சியைக் கூட்டுவது. அந்நுகர்ச்சியின்கண் விருப்பு வெறுப்புக் கொண்டு செய்யும் புதுவினையே ஆகாமியம். பசி பிராரத்தத்தான் வரும். பசித்தவிடத்துப் பிறன்கலத்தைப் பறித்தல் ஆகாமியமாம். இவ்விரண்டனையும் பிரித்தறியாது எல்லாம் ஊழென்பார், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளும் எதன்பொருட்டு வகுக்கப்பட்டன என்பதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர். மாற்றலாகாததற்கு மருந்து எவரும் வகுப்பாரல்லர்.

இவ்விடத்து உளநூலார் கண்ட செய்தியும் சித்தாந்தத்துக்குத் துணையாகின்றது. பிறவிவழிக் குணம் வருவதில் ஏறத்தாழ பாதியே கணக்காயின், எஞ்சிய பாதிக்கு இடம் பிறிதாதல் வேண்டும். வயது ஏற ஏற மக்கள் பெரும்பாலும் பொறுப்பிலும் இணக்கத்திலும் மிகுந்து, கவன்று கலங்குதலிற் குறைந்து வருதல் அவர் ஆராய்ச்சிகளிற் புலனாயிற்று. உளமருத்துவம் முதலிய முயற்சிகளால் குணம் மாறுதலை 207 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய ராபர்ட்ஸ் முதலியோர் 2017-இல் வெளியிட்டனர். மாற்றம் மிகுதியாகக் காணப்பட்டது கவன்று கலங்குந் தன்மையிலேயே. குணம் கல்லெழுத்தன்று என்று அளவைக்கோல் பிடித்தாரே கூறுகையில், அருளும் முயற்சியும் உண்டெனக் கொண்ட சைவர் அதனைக் கல்லெழுத்தெனக் கூறுதல் நகைப்புக்கு இடமாம்.

மற்றொரு மயக்கமும் நம்மவரிடை உண்டு. அமைதியாகப் பேசுவாரையும் மெல்லென நடப்பாரையும் கண்டவுடன் இவர் அருள் பெற்றவர் என மதித்தலும், வெகுளி மிக்காரைக் கண்டவுடன் இவர்க்கு அருள் எட்டாது எனத் தள்ளுதலும் அம்மயக்கத்தின் பயன். சாத்துவிகமும் மாயையின் காரியமே, பொன்விலங்கும் விலங்கேயன்றோ? திருத்தொண்டர் வரலாறு இதனை ஐயமற விளக்கும். பூக்கூடையைச் சிதைத்த யானையையும் பாகரையும் மழுவால் வீழ்த்தினார் எறிபத்தர். தம்மைக் குத்தியவனையே ஊறின்றி ஊர்ப்புறம் விடுமாறு பணித்தார் மெய்ப்பொருளார். வேட்டுவக் கொச்சையோடு வாயில் நீர் சுமந்து வந்தார் கண்ணப்பர். சமயாசாரியர் நால்வருள்ளும் ஒருவர் மகனாய், ஒருவர் அடிமையாய், ஒருவர் தோழராய் நின்றனர்; அடிகளோ ஞானநெறியாகிய சன்மார்க்கத்தில் நின்றார். இவரெல்லாரையும் ஐங்குணக் கோலால் அளந்தால் எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வா. அடைந்த பேறோ ஒன்று. குணம் ஒத்தபின் அருள் வருவதாயின் இவர் அனைவரும் ஒரு குணத்தினராயிருத்தல் வேண்டும். வினை இரண்டும் ஒத்து, மலம் பரிபாகமுற்று, சத்திநிபாதம் நிகழ்தலே அருளுக்கு வழி, குணம் ஒப்பன்று.

அங்ஙனமாயின் குணத்தைத் திருத்தல் வேண்டாவோ எனின், வேண்டும். சிவிகை பழுதாயின் உள்ளிருப்பானுக்கு வருத்தம். ஆயினும் சிவிகை உள்ளிருப்பானாகாது. சகலநிலையில் ஆன்மா கருவிகளோடு கூடியே அறிகின்றதாகலின், கருவி தூயதாதல் வழிபாட்டுக்கும் ஒழுக்கத்துக்கும் துணை. உணவில் அளவும், நல்லார் கூட்டமும், நாட்கடனும், திருமுறை ஓதலும் குணத்தைத் தெளிவிப்பன. நல்லாரிணக்கத்தை நம்முன்னோர் பெரிதும் வற்புறுத்தியது ஆன்மா சார்ந்ததன் வண்ணமாதலை உணர்ந்தேயாம். உளநூலார் நலமென்பது உவகை மிகுந்து துயர் குறைந்த நிலை. சித்தாந்தி அதனை வெறுப்பதிலன். ஆயின் அதனை முடிந்த இன்பமாகவும் கொள்ளான். குணத்தால் வரும் இன்பம் குணத்தோடு மாறும். இளமையில் வந்தது மூப்பிற் போம். நாடியும் பித்தமும் மாற மாறும். மாறாத இன்பம் மாறாத சார்பினின்றே வருதல் வேண்டும். அடிகள் காட்டிய ஆனந்தம் அச்சார்பினின்று வந்தது.

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவது மூன்று. திருவாசகம் ஓதிக் கண்ணீர் வடிப்பாரை உளம் தளர்ந்தவர் என்று இகழ்தல் தவறு. அத்துணையே தவறு, உண்மையான உளநோயால் உறக்கமும் உணவும் இழந்து வாழ்வை வெறுத்து நிற்பவரைக் கண்டு, இது பக்திமுதிர்ச்சி எனப் போற்றி மருத்துவரிடம் செல்லவொட்டாது தடுத்தல். வேறுபாடு காண்டற்கு ஒரு குறி உண்டு: அன்பின் அழுகை பிறரிடத்து இரக்கத்தையும் பணியில் ஊக்கத்தையும் வளர்க்கும், நோயின் அழுகை இரண்டனையும் உலர்த்தும். நீத்தல் விண்ணப்பம் பாடிய வாயே மகளிர் ஆடிப்பாடத் திருவம்மானையும் தந்தது என்பதை மறவற்க. வாதநோய் உற்றவர் வாதவூர்க்கு வந்து வழிபடுதலால் மருந்துண்ணலைக் கைவிடல் வேண்டுவதில்லை. வழிபாடு மருந்தை விலக்காது, மருந்து வழிபாட்டை விலக்காது. மூன்றாவது, என் குணம் இது எனக் கூறிக் குற்றத்தை விடாது பிடித்தல் சைவநூல் எதனாலும் ஆதரிக்கப்படாதது.

இயல்பிலேயே கவன்று கலங்குவார் ஒருவர் திருவாசகத்தை எடுத்து ஓதுகின்றார் எனக் கொள்வோம். களிப்புடையவராய் மாறிய பின்னரே இறைவனை அணுகலாம் என்று அந்நூல் அவரைத் தடுக்கின்றதா? இல்லை, கலங்கும் அவ்வுள்ளத்தையே கொண்டு வருக என்று அழைக்கின்றது. வெகுள்வார்க்கும் மடிந்தார்க்கும் அவ்வழைப்பு ஒன்றே. படிகம் தன் பழைய வண்ணத்துக்கு நாணி ஞாயிற்றின் முன் வாராதிருத்தல் வேண்டா. ஞாயிறு தோன்றியவழி அவ்வண்ணம் மேலிடாது.

ஆவணி மூலத் திருவிழா முடிந்து அடிகள் வாதவூர்க்கு மீளும்போது, அமைச்சர் என்னும் பட்டம் மதுரையில் எஞ்சவில்லை. அழுதவர் என்னும் பெயரும் எஞ்சவில்லை. ஆட்கொள்ளப்பட்டவர் என்னும் பெயர் ஒன்றே அவரோடு செல்கின்றது. குணத்தை அளப்பார் அளக்க; அளவைக்கு உட்பட்டது கருவி. அவ்வளவைக்கு அப்பால் நிற்கும் ஆன்மாவுக்குரிய சார்பு யாது என்பதையே அடிகள் வாழ்வு உணர்த்துகின்றது.